மழை ஊரில் வெயில் கிரீமுக்குப் பரீட்சை

வெயிலுக்குப் பூசுகிற கிரீம் வெயிலில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று பார்ப்பது எங்கள் தொழில். அதைச் செய்ய எங்கள் கம்பெனி தேடிப் பிடித்த இடமோ, வெயில் வந்தால் ஜனங்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கிற இரத்தினபுரிப் பக்கம்.

கடையிலோ தையல் கார்மன்ட்டிலோ கந்தோர் மேசையிலோ வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டு முழிக்கிற என் சக கைதிகளே, உங்களுக்கு இது புரியும். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவள். நிவித்திகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அடிவாரத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற பழைய கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. கொழும்புக் கம்பெனி ஒன்று அதை எடுத்து, வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, 'லெப்', அதாவது ஆய்வுகூடம், என்று பேர் வைத்தது. எவ்வளவு வெள்ளையடித்து என்ன, உள்ளே நுழைந்தால் கருவாட்டுக் கடைக்குள் நுழைந்த மாதிரிதான் இருக்கும். தோட்டத்துப் பொம்பளைகளுக்கென்றே ஒரு வெயில் கிரீம் செய்யப்போகிறோம், தோட்டத்துப் பிள்ளை ஒன்று உதவிக்கு வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான்: குரல் எடுப்பது. தோட்டத்துத் தொரை, கணக்கப்பிள்ளை, பஸ் கண்டக்டர், ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற அம்மா, யாராக இருந்தாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே எடுத்துவிடுவேன். அந்த வித்தைக்கு லெப்பில் என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் போனது என் பரமு அக்காவுக்காக. அவள் கொழுந்து எடுக்கிறவள். கொஞ்ச காலமாக அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து தடிக்கும். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கொழுந்தைக் கிள்ள முடியாமல் போகும். ஆஸ்பத்திரியில், "வெயில் படவே கூடாது, மப்பு நாள்ல வர்ற வெயிலும் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். கூரை போட்ட கொழுந்து மலை எங்கே இருக்கிறது? அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. வீட்டில் ஒருத்தருடைய பேராவது தோட்டத்து வேலைப் பதிவில் இருந்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் நாங்கள் மூன்று பேரும் கால் நீட்டிப் படுக்கலாம். அந்தப் பேர் அக்காவுடையது. ஆகவே அந்தக் கிரீம் பாஸாக வேண்டும். நான் எழுதிய பரீட்சையைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கூரை ஏறிய தட்டுகள்

லெப்பில் நாங்கள் மூன்று பேர். தலைவர் நிசார் சேர், இரத்தினபுரி டவுன்காரர், ரசாயனம் படித்தவர். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர் சுனில் அய்யா. பிறகு நான். உள்ளே பெரிய விளக்குப் பெட்டி ஒன்று உண்டு, அதுதான் எங்கள் செயற்கைச் சூரியன். ஆனால் கொழும்பில் யாரோ ஒருவர், நிஜ வெயிலிலும் கொஞ்சம் காட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் கிரீம் பூசிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சுனில் அய்யா கூரைக்கு ஏறுவார். ஏணியின் கடைசிப் படியில் கால் வைக்கும்போது மழை வரும். இறங்குவார். தட்டுகளைத் துடைத்து முடிக்கும்போது வெயில் வரும். ஏறுவார்.

சும்மா இருக்க முடியுமா என்னால்? ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று, நிசார் சேர் சிங்களத்தில் கத்துகிற மாதிரியே, "சுனில், அவ்வ ஆவா! இக்மன் கரன்ன!" என்று விட்டேன். வெயில் வந்துவிட்டது, சீக்கிரம் என்று அர்த்தம். மனுஷர் தட்டோடு பறந்தார். மேலே போனால் கரு மேகம். மறுநாள் நிஜமாகவே பளிச்சென்று வெயில் அடித்தது. நிஜமான நிசார் சேர் தொண்டை கிழியக் கத்தினார். சுனில் அய்யா பிளேன்டீயை ஆற அமரக் குடித்துவிட்டு, நான்தான் ஒளிந்து நின்று கத்துகிறேன் என்று நினைத்துக் கதவுப் பக்கம் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அந்த மாதத்தின் ஒரே நல்ல வெயில் சும்மாவே அடித்து, சும்மாவே போய்ச் சேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் சுனில் அய்யா, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, மீதியைத் தன்னுடைய தமிழில் சொன்னார்: "நங்கி, இந்த ஊர்ல ரெண்டு பேர நம்ப ஏலாது. ஒண்ணு சூரியன். மத்தது நீ."

சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி

பரீட்சை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மனுஷத் தோல் மாதிரி சொரசொரப்பாக ஒரு பிளாஸ்டிக் துண்டு. விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, நிறுத்து வைத்த கிரீமை அதன்மேல் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். இருட்டில் காயவிட்டு மெஷினில் வைத்தால், தோலைச் சுடுகிற கதிர் எவ்வளவு உள்ளே போகிறது என்று காட்டும். அப்புறம் வெயில். அப்புறம் மறுபடி மெஷின். வெயிலுக்கு முன்னால் தடுத்த மாதிரியே பின்னாலும் தடுத்தால் பாஸ். நான் முதலில் மெல்லிசாகத்தான் தேய்த்தேன். நிசார் சேர் தலையில் கை வைத்தார். "பாணுக்கு பட்டர் பூசுற மாதிரி இல்ல மகள், சுவருக்கு சாந்து பூசுற மாதிரி பூசணும்" என்றார்.

லெப்பிலிருந்து ஒரு டியூபை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த அளவை அக்காவின் முகத்தில் பூசிக் காட்டினேன். கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கண்ணாடியைப் பார்த்த அக்கா, ஒரு விரலால் தன் கன்னத்திலிருந்து கிரீமை வழித்து வழித்து டியூபின் மூடிக்குள் போட்டாள். கடைசியில் முகத்தில் மிஞ்சியது திருநீறு அளவு. ஆய்வுகூடத்து அளவு இதுதான், இதற்குக் குறைத்தால் பிரயோசனம் இல்லை என்று நிசார் சேர் குரலிலேயே பிரசங்கம் செய்தேன். அக்கா மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க சேரு பூசுறது பிளாஸ்டிக்குக்குடி. அதுக்கு நாளைக்கும் மூஞ்சி வேணுமா என்ன?"

முகத்தில் ஏறாத அட்டை

கம்பெனி மலைக்காரப் பொம்பளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டியூப் கொடுத்தது. பூசிப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். கேட்டுப் போகக் கொழும்புக் கம்பெனியிலிருந்து தர்ஷினி மிஸ் வந்தார். வெள்ளைச் சப்பாத்து. ஜீப்பிலிருந்து இறங்கிய இடத்திலேயே அதன் நிறம் போய்விட்டது. இரத்தம் குடிக்கிற அட்டை மும்முரமாக இருந்த காலம், மிஸ் பேசும்போது பாதிக் கண்ணைக் காலிலேயே வைத்திருந்தார்.

எங்கள் லயத்துச் செல்லம்மாக்கா முன்னால் வந்து, ரொம்ப நல்ல மருந்து, இன்னும் இரண்டு டியூப் கிடைத்தால் நல்லது என்றார். மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படி நல்லது, விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார். "காலுக்குப் பூசுனதுலேருந்து ஒரு அட்டை ஏறலீங்க மிஸ். வழுக்கி வழுக்கி விழுந்துருது" என்றார் செல்லம்மாக்கா. சுற்றியிருந்த எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அட்டைக்குப் பூசுகிற சவுக்காரத்தைவிட இது மேல் என்று ஒருத்தி சாட்சி சொன்னாள். நிசார் சேர் மலையைப் பார்த்தார். மிஸ் மெல்ல, "அப்ப முகத்துக்கு?" என்று கேட்டார். செல்லம்மாக்கா பாவமாக அவரைப் பார்த்துச் சொன்னார்: "மூஞ்சில அட்டை கடிக்கிறதில்லீங்களே மிஸ்."

பெட்டிக்குள்ளே சூரியன்

கூரை கைவிட்டதால் எல்லாம் விளக்குப் பெட்டியின் தலையில் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே எரிகிற விளக்கை நேரே பார்த்தால் கண் போய்விடும். அது 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகும். அந்தக் குரலும் எனக்கு வரும். முதல் கிரீமைப் பூசி மெஷினில் வைத்தோம். பிரமாதமாகத் தடுத்தது. பெட்டிக்குள் வைத்து எடுத்து மறுபடி மெஷினில் வைத்தோம். மெஷின் வரைந்த படத்தில் மேலே இருந்த கோடு சரிந்து தரையில் கிடந்தது. நான் சரியாகப் பூசவில்லை என்று நினைத்து, நிசார் சேர் தன் கையாலேயே பூசினார். அதுவும் சரிந்தது. வெயிலைத் தடுக்கிற சரக்கே வெயில் பட்டு உடைந்துபோகிறது என்றார்.

அக்காவுக்கு அந்த டியூபைப் பூசிய பிறகும் முகம் சிவந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.  எனக்கு அழுகை வருகிற நேரம் வாய் சும்மா இருக்காது. வங்கி வாசலில் நிற்கிற செக்கியூரிட்டி மாமாவின் குரலில், "ஐயோ, சூரியன் வர்றான், நான் வீட்டுக்குப் போறேன், நீங்க பாத்துக்கங்க" என்று கிரீமுக்காகப் பேசினேன். சுனில் அய்யா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நிசார் சேர் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே, அக்காவை ராத்தா என்கிற தன் வழக்கப்படி சொன்னார்: "சிரி மகள், சிரி. ஆனா ஒங்கட ராத்தாக்கு இத குடுக்க வாணாம். பூசாட்டி முக்காட்டயாச்சும் இழுத்து மூடிக்குவா. பூசினா, நம்பிக்கிட்டுப் போய் நிப்பா."

எந்த விசில்?

புதுச் சரக்கு செய்ய நாளெடுக்கும். அதுவரைக்கும் தர்ஷினி மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முகத்தைக் கழுவி, துடைத்து, மறுபடி பூசச் சொல்லி டியூபில் அச்சடித்துவிட்டால் போயிற்று. கொழும்பில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். இதைச் சொல்ல மலைக்கே வந்தார். மலையில் நிற்கிறவளுக்குத் தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, கையெல்லாம் கொழுந்துக் கறை, பக்கத்தில் தண்ணீர் விழுகிற ஒரு பீலி கிடையாது.  கங்காணி மாரிமுத்து மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "தேத்தண்ணி குடிக்க ஒரு விசில் ஊதுறோங்க, கொழுந்து நிறுக்க ஒரு விசில் ஊதுறோங்க. மூஞ்சி கழுவ எந்த விசில ஊதட்டுங்க மிஸ்?"

ஒன்று தாங்கியது

அதற்கப்புறம் வந்த கிரீம்களின் கதையைக் கேட்டால் நீங்களே அழுவீர்கள். ஒன்று திரிந்த பால் மாதிரிப் பிரிந்து போனது. ஒன்று பூசினால் பேய்ப் படத்துக்கு மேக்கப் போட்ட மாதிரி இருந்தது. ஒன்று விளக்குச் சூட்டில் கருகி, பழைய ரப்பர் வாடையைத் திரும்பக் கொண்டுவந்தது. பெட்டி நன்றாக எரிகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுனில் அய்யா மின்சார சபைக்குப் போன் போட்டுத் திட்டுவார். திட்டிக் களைத்ததும் போனை என் கையில் கொடுப்பார். நான் அவர் குரலிலேயே மீதியைத் திட்டி முடிப்பேன்.

கடைசியில் ஒன்று வந்தது. அதன் சரக்கில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. அதை மறைக்க மல்லிகை வாசம் கலந்திருந்தார்கள். பெட்டிக்குள் வைத்தோம். எடுத்தோம். கோடு அசையவில்லை. மறுபடி வைத்தோம், ஒரு முழு நாள் வெயிலுக்குச் சமமாக. அசையவில்லை. கிரிக்கெட் வர்ணனைக்காரன் குரலில் நான் கூரை அதிரக் கத்தினேன். நிசார் சேர் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முதல் டியூபைத் தன் கையாலேயே என்னிடம் கொடுத்தார். அக்கா இந்தத் தடவை சாந்து பூசுகிற மாதிரியே பூசினாள். வெயில் நாள் ஒன்று போனது, இன்னொன்று போனது. முகம் சிவக்கவில்லை. விரல் வீக்கம் வடிந்து, கழற்றி வைத்திருந்த மோதிரம் மறுபடி ஏறியது. அந்த விரலை என் மூக்குக்கு முன்னால் ஆட்டி அக்கா சொன்னாள்: "ஒன்னப் பெத்ததுக்கு அம்மாவுக்கு இன்னைக்குத்தான்டி ஒரு பிரயோசனம்."

மாலை கட்டுகிற தேயிலை

நல்லதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அக்கா தன்னோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கிரீமைக் கொடுத்தாள். நானும் லெப்பிலிருந்து கேட்டு வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் முகத்தில், கழுத்தில், கையில் பூசிக்கொண்டு மலைக்குப் போனார்கள். மலையே கல்யாண வீடு மாதிரி மணந்ததாம்.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனாலேயே தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் வெங்காயம்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். இது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், லெப்பைச் சுற்றிலும் தேயிலைதான். ஆனால் கிரீம் வெயிலைத் தாங்குமா தாங்குமா என்று பார்த்துக்கொண்டேயிருந்த எங்களில் ஒருத்தருக்காவது அந்த மல்லிகையைக் கொழுந்தோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. அன்று ஸ்டோரில் வாடப் போட்ட கொழுந்து முழுக்க மல்லிகை வாசம். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா இரண்டு கையிலும் கொழுந்தை அள்ளிக்கொண்டு லெப்புக்குள் வந்தார். நிசார் சேரின் மூக்குக்குக் கீழே அதை வைத்துக் கேட்டார்: "கொழும்பு ஏலத்துக்கு நான் டீ அனுப்புறதா, மால கட்டி அனுப்புறதா சேர்?"

பெரட்டுக்களத்தில் மோப்பம்

மறுநாளிலிருந்து தொரையின் உத்தரவு: கிரீம் பூசினவர்கள் கொழுந்தைத் தொடக்கூடாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், மாரிமுத்து மாமா வரிசையாக ஒவ்வொருத்தி கையையும் மோந்து பார்க்க வேண்டும். கல்யாண வயதில் மகள் இருக்கிற மனுஷர், பொம்பளைகள் கை நீட்டி நிற்க, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போனவள். பொதுவாக அப்படியொரு காட்சி கிடைத்தால் எனக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடு. அன்றைக்கு ஒரு குரலும் எடுக்கத் தோன்றவில்லை.

அக்கா பூசிக்கொண்டுதான் போயிருந்தாள். மாமா அவள் கையை மோந்தார், மறுபடி மோந்தார், பீலிப் பக்கம் கண்ணைக் காட்டினார். அக்கா போய் முகத்தையும் கழுத்தையும் கையையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கோவிச்சுக்காத பரமு. நாய் வேலையும் எந்தலையிலயே கட்டிட்டானுக."

ஸ்பீக்கரில் வந்த தீர்ப்பு

நிசார் சேர் கொழும்புக்குப் போன் போட்டார். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மல்லிகை வேண்டாம், வாசமே இல்லாமல் ஒன்று செய்து அனுப்புங்கள், பரீட்சையை நாங்கள் இரவு பகலாகச் செய்கிறோம் என்று கெஞ்சினார். அவர் கெஞ்சுகிற குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தர்ஷினி மிஸ் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். வாசத்தை எடுத்தால் மண்ணெண்ணெய் வாடை வரும், அது இல்லாத சரக்குக்கு விலை கட்டாது, வெயிலைத் தாங்கினது தாங்கினதுதான், ரிப்போர்ட்டை அனுப்பிவிடுங்கள் என்றார். பரீட்சை முடிந்துவிட்டதால் லெப்பையும் மூடிவிடலாமாம். நிசார் சேர், இது அந்தப் பொம்பளைகளுக்காகச் செய்ததுதானே மிஸ் என்றார்.  மிஸ்ஸின் குரல் வந்தது: "அவங்களுக்காகத்தான் செஞ்சோம் நிசார், நான் இல்லைன்னு சொல்லல்ல. ஆனா வாங்கப்போறது அவங்க இல்லையே."

பெட்டியில் சிரிக்கிறவள்

லெப்பைக் காலி செய்த அன்று, கடைக்குப் போகிற பெட்டியின் மாதிரி ஒன்று பார்சலில் வந்தது. அதில் ஒரு பொம்பளை, கொழுந்துக் கூடையைத் தண்ணீர்க்குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு துண்டுத் துணியும் இல்லாமல், உச்சி வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நிசார் சேர் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சுனில் அய்யா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நங்கி, இந்த நோனாவுக்கு மட்டும் கங்காணி இல்ல போல."

அக்கா கேட்ட குரல்

அக்காவுக்கு முகம் மறுபடி தடித்துவிட்டது. மோதிரத்தை மறுபடி கழற்றி வைத்துவிட்டாள். கிளினிக்கில் பழைய பேச்சேதான், கொஞ்சம் கண்டிப்பாக. அவளுக்குப் பதிலாக நான் பேர் பதிகிறேன் என்றேன். ரிசல்ட் வரும்வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் காலை முறிப்பேன் என்றாள். வெயிலைத் தாங்குகிற கிரீம் வீட்டில் ஒரு பை நிறைய இருக்கிறது. அதில் ஒரு சொட்டுப் பூசினாலும் அவள் மலைக்குப் போக முடியாது.

நேற்றுக் காலை அவள் முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வீங்கின விரலில் முடிச்சு நிற்கவில்லை. நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். அவளைச் சிரிக்க வைக்க, எல்லோரையும் ஒவ்வொருத்தராகக் கூட்டி வந்தேன்: டீமேக்கர் ஐயா, தர்ஷினி மிஸ், சுனில் அய்யா, முனகுகிற விளக்குப் பெட்டி. அக்கா சிரித்தாள், நன்றாகவே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள். வாசல்படியில் நின்று சொன்னாள்: "அவங்கல்லாம் பேசுனது போதும்டி. அந்த ஆஸ்பத்திரி டொக்டரு குரல்ல ஒரே ஒரு தடவ சொல்லு, 'ஒங்களுக்கு ஒண்ணுமில்ல பரமேஸ்வரி, வேலைக்குப் போலாம்'னு. கேட்டுட்டுப் போறேன்."

ஆக, சக கைதிகளே, எங்கள் ஆராய்ச்சியின் முடிவு இதுதான்: கிரீம் வெயிலைத் தாங்கிவிட்டது, தேயிலைதான் கிரீமைத் தாங்கவில்லை, மீதியைத் தாங்கத்தான் மலையில் ஆள் இருக்கிறதே.